ஜெர்மனியில் படிக்கும் மாணவர் 5 யூரோவுக்குள் நல்ல ஒயின் வாங்க முடியுமா?

முடியும். ஆனால் பேரங்காடியின் அடித்தட்டில் அது கிடைப்பது அரிது என்பதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

2018-இல் கைசர்ஸ்லாட்டர்னில் முதுகலை படிக்கச் சென்றேன். விசாவுக்காகப் பணத்தை முடக்கி வைக்கும் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற வங்கிக் கணக்கிலிருந்து அப்போது மாதம் 720 யூரோ மட்டுமே எடுக்க முடிந்தது. தொகை மாறியிருந்தாலும் உங்கள் கையும் அப்படியே இறுக்கமாகத்தான் இருக்கும். அந்தக் குளிர்காலத்தில் ஆய்வகத் தோழி ஒருவர் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று, கோட்டைப் படமும் பொன்னிற முத்திரையும் ஒட்டிய சிவப்பு ஒயின் ஒன்றை 2.99 யூரோவுக்கு வாங்கிப் போனேன். அவர் ஒரு வாய் பருகிவிட்டு, "நாளைக்கு இதை க்ளூவைன் காய்ச்சிக்கொள்ளலாம்" என்று அன்பாகச் சொல்லி அடுக்களைக்குள் வைத்துவிட்டார். பட்டையும் கிராம்பும் ஆரஞ்சும் போட்டுக் கொதிக்க வைத்தால் எதுவும் குடிக்கத்தக்கதாகிவிடும் என்பது அதன் பொருள் என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

தவறு விலையில் மட்டுமன்று. நான் லேபிளைப் படிக்கவில்லை. அதில் சிறிய எழுத்தில் 'லீப்லிஷ்' என்று இருந்தது. லிட்டருக்கு 45 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம் என்று அதற்குப் பொருள். 'ட்ரோக்கன்' என்றால் அதிகபட்சம் 9 கிராம், 'ஹால்ப்ட்ரோக்கன்' என்றால் 18. 'ஃபைன்ஹெர்ப்' என்ற சொல்லுக்குச் சட்ட வரையறையே இல்லை. சுவைத்துத்தான் அறிய வேண்டும்.

விலைக் கணக்கையும் பாருங்கள். 2.99 யூரோவில் 19 விழுக்காடு வரியாகவே 48 சென்ட் போய்விடுகிறது; புட்டி, மூடி, லாரி, கடையின் இலாபம் எல்லாம் கழிந்தபின் திராட்சைக்கென்று மிஞ்சுவது சில்லறைதான். திராட்சை வளர்த்து ஒயின் செய்யும் தோட்டக்காரரிடமே நேராக வாங்கினால் லாரியும் கடையும் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

அந்த வழியை எனக்குக் காட்டியதும் அதே தோழிதான். ரயிலில் அரை மணி நேரத் தொலைவிலுள்ள நொய்ஸ்டாட்டுக்கு அருகே ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு தோட்டக்காரர் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்த பெரியவர் என்னிடம் எவ்வளவு செலவழிப்பாய் என்று கேட்கவில்லை. என்ன சாப்பிடுவாய் என்று கேட்டார். (எங்கள் நகரத்து ஒயின் கடையொன்றில் 5 யூரோவுக்குள் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு நின்றபோது, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எதிரேயிருந்த பேரங்காடியைக் கைகாட்டினார். அது இன்னும் ஆறவில்லை.) காரம் என்றேன். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த ஹால்ப்ட்ரோக்கன் ஒயின் ஒன்றை ஊற்றினார். லிட்டர் புட்டி, 4.80 யூரோ. அன்றிரவு காரக்குழம்போடு குடித்தபோதுதான் காரணம் விளங்கியது: அந்தச் சிறு இனிப்பு மிளகாயின் எரிச்சலைத் தணிக்கிறது, துவர்ப்பு மிக்க சிவப்பு ஒயினோ அதைக் கிளறிவிடுகிறது.

எனவே கடைத் தட்டில் தேடும்போது, கோட்டைப் படத்தை விட்டுவிட்டு, 'குட்ஸ்அப்ஃப்யூலுங்' என்ற சொல்லைத் தேடுங்கள். தோட்டக்காரரே தம் திராட்சையைப் பிழிந்து அடைத்தது என்று பொருள். 'வின்ட்சர்கெனோசன்ஷாஃப்ட்' என்றிருந்தால் அது நம் ஊர்ப் பால் சங்கம் போன்ற விவசாயிகளின் கூட்டுறவு. அதிலும் எனக்குக் குறை தெரியவில்லை.

நுரைக்கும் ஒயின் வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை. கடற்படைக்குப் பணம் சேர்க்க 1902-இல் ஜெர்மன் பேரரசர் கைசரின் அரசு 'செக்ட்' எனப்படும் நுரைக்கும் ஒயின் மீது போட்ட வரி, இடையில் சில ஆண்டுகள் நீங்கியிருந்தாலும், இன்றும் புட்டிக்கு 1.02 யூரோவாக வசூலாகிறது. அந்தக் கடற்படையின் கப்பல்கள் 1919-லேயே ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ கடற்பரப்பில் மூழ்கிவிட்டன; வரி மட்டும் மிதக்கிறது. மலிவான புட்டிக்கும் விலையுயர்ந்த புட்டிக்கும் ஒரே தொகை என்பதால் அடி விழுவது நம்மைப் போன்றவர்களுக்குத்தான். வாயு அழுத்தம் குறைந்து, இலேசாக மட்டும் நுரைக்கும் 'பெர்ல்வைன்' இந்த வரிக்குள் வராது.

குடியை வளர்க்கிறேன் என்று கருத்துப் பகுதியில் வரப்போகிறவர்களுக்கு: நான் மாதத்துக்கு இரண்டு புட்டியைத் தாண்டியதில்லை, நிபுணன் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. பியர் இதைவிட மலிவு என்பதும் எனக்குத் தெரியும். கேள்வி பியரைப் பற்றியதன்று.

தோட்டக்காரர் முற்றத்துக்குச் சனிக்கிழமை காலையில் போங்கள், ஞாயிறன்று பல முற்றங்கள் பூட்டியிருக்கும். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான் போன இடங்களில் சுவைத்துப் பார்க்கக் காசு கேட்டதில்லை. ஆனால் நான்கு கோப்பை குடித்துவிட்டு ஒரு புட்டிகூட வாங்காமல் எழுந்து வராதீர்கள்.