சராசரி 2.4, லைன் 2.5: பாதிக்குப் பாதி சான்ஸா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கேன் சார். ஆபீஸ்ல எல்லாரும் என்பிஏ பாஸ்கெட்பால் மேட்ச்சுக்கு ப்ளேயர் ப்ராப் போடுறாங்க. எந்த டீம் ஜெயிக்கும்னு இல்ல, இந்த ப்ளேயர் எத்தன த்ரீ பாயிண்டர் (தூரத்துல இருந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட்) போடுவார், எத்தன ரீபவுண்ட் எடுப்பார்னு தனித்தனியா பந்தயம். ஒருத்தருக்கு சராசரி 2.4 த்ரீ, கம்பெனி வச்ச லைன் 2.5, அதுக்கு மேல போனா ஓவர், கீழ நின்னா அண்டர். அப்ப ஓவருக்கும் அண்டருக்கும் கிட்டத்தட்ட சமமான சான்ஸ் தானே? நியாயமான ஆட்ஸ, அதாவது ஜெயிச்சா எவ்ளோ குடுக்கணும்ங்கறத, எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: சமம் இல்லங்க. நெறைய பேர் வழுக்குற எடம் இதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். எந்த ப்ளேயரும் ஒரு மேட்ச்ல 2.4 த்ரீ போட முடியாது, 0, 1, 2, 3னு முழு நம்பராத்தான் விழும், ஓவர் ஜெயிக்கணும்னா மூணாவது விழுந்தே ஆகணும். பல நாள் 1, 2னு போட்டுட்டு என்னைக்காவது ஒரு நாள் 6, 7 போட்டு சராசரிய தூக்கி விட்டுடுவார், ஆனா உங்க பந்தயத்துக்கு அந்த 7ம் ஒண்ணுதான் 3ம் ஒண்ணுதான். இப்ப எக்செல்ல பாய்சான் ஃபார்முலாவ (சராசரிய குடுத்தா 0, 1, 2னு ஒவ்வொண்ணும் விழ எவ்ளோ சான்ஸ்னு சொல்றது) எடுத்து சராசரி 2.4னு குடுத்து பாருங்க. சைபர் விழ 9 சதவீதம், ஒண்ணு விழ 22, ரெண்டு விழ 26, கூட்டினா 57. மிச்சம் 43 தான் ஓவர். 1ஐ 0.43ஆல வகுத்தா 2.32 வரும், அதாவது 100 டாலர் போட்டா 132 லாபம் குடுத்தாத்தான் அது நியாயமான ஆட்ஸ். ஆனா ஆப்ல வழக்கமா மைனஸ் 110 போட்டிருப்பான், 110 கட்டினா 100 லாபம். அந்த ரேட்ல இந்த ஓவர எடுத்தீங்கன்னா சராசரியா ஒவ்வொரு 100 டாலருக்கும் 18 டாலர் போயிட்டே இருக்கும். 2.5 லைன் நெசமாவே பாதிக்குப் பாதி ஆகணும்னா சராசரி 2.67 கிட்ட இருக்கணும்.

கேள்வி: ஓவருக்கு மைனஸ் 130, அண்டருக்கு ப்ளஸ் 100னு போட்டிருந்தா கம்பெனி என்ன சான்ஸ் நெனைக்குதுன்னு அர்த்தம்?

பதில்: மைனஸ் 130ன்னா 130ஐ 230ஆல வகுங்க, 56.5 சதவீதம். ப்ளஸ் 100ன்னா 100 கட்டினா 100 லாபம், அதனால 50. ரெண்டையும் கூட்டினா 106.5 வருது, 100க்கு மேல இருக்குற அந்த ஆறரை தான் கம்பெனியோட மார்ஜின். ரெண்டு பக்கத்தையும் 106.5ஆல வகுத்தா ஓவர் 53, அண்டர் 47. நீங்க போட்ட கணக்க இந்த 53ஓட தான் ஒப்பிட்டுப் பாக்கணும், ஆனா பணம் போடுறது 56.5 ரேட்டுக்கு, அதனால உங்க கணக்கு 54னு வந்தாலும் அது நஷ்டம் தான்.

கேள்வி: சராசரின்னா எந்த சராசரி சார்? கடைசி அஞ்சு மேட்ச்சா, முழு சீசனா?

பதில்: ரெண்டுக்கும் முன்னாடி நிமிஷத்த பாருங்க. மேல சொன்ன 2.4 எங்க இருந்து வருதுன்னா, 32 நிமிஷம் ஆடுறார், நிமிஷத்துக்கு 0.2 தடவ த்ரீ ட்ரை பண்றார், ஆக 6.4 ஷாட், அதுல 37.5 சதவீதம் விழுது. ஷாட்ல எந்த மாத்தமும் வேணாம், நேத்தும் மேட்ச் இன்னைக்கும் மேட்ச்னு கோச் 26 நிமிஷத்தோட உக்கார வச்சுட்டார்னு மட்டும் வச்சுக்கோங்க, இல்ல ஆட்டம் மூணாவது குவார்ட்டர்லயே ஒரு பக்கமா சாஞ்சு பெஞ்ச் ப்ளேயர்ஸ எறக்கிட்டாங்கன்னு வச்சுக்கோங்க. சராசரி 1.95 ஆயிடும், ஓவர் சான்ஸ் 43ல இருந்து 31க்கு விழுந்துடும். வெறும் ஆறு நிமிஷத்துக்கு இவ்ளோ வித்தியாசம். அதனால யாருக்கு காயம், யார் ரெஸ்ட்னு வர்ற இன்ஜுரி ரிப்போர்ட்ட கடைசி நேரம் வரைக்கும் பாக்காம போடுற கணக்கு கணக்கே இல்ல.

ஷாட் சதவீதத்துக்கு கடைசி பத்து மேட்ச்ச மட்டும் நம்பாதீங்க. 60 ஷாட்ல 27 போட்டு 45 சதவீதம்னு ஒருத்தர் நிக்கலாம், ஆனா 36 சதவீத ஷூட்டருக்கு 60 ஷாட்ல ஆறு சதவீதம் மேல கீழ போறது ரொம்ப சாதாரணம், அதுக்கும் கொஞ்சம் மேல போறதும் ஒண்ணும் அதிசயம் இல்ல. அதே ஆள் போன ரெண்டு சீசன்ல 800 ஷாட்ல 288 போட்டிருந்தா ரெண்டையும் சேத்துடுங்க, 860ல 315, அதாவது 36.6. சூடா இருக்கார் சூடா இருக்கார்னு டிவில சொல்றது இந்த அரை சதவீதத்தத்தான்.

த்ரீ போடுறதுல பேர் போன வாரியர்ஸ் ப்ளேயர் ஸ்டீஃபன் கரிய பாருங்க. 2015-16ல 79 மேட்ச்ல 402 த்ரீ, மேட்ச்சுக்கு 5.1. 157 மேட்ச் தொடர்ச்சியா ஒரு த்ரீயாவது போட்டவர், 2016 நவம்பர் 4 லேக்கர்ஸோட 10 ட்ரை பண்ணி ஒண்ணு கூட விழல. அடுத்த மேட்ச் 7ஆம் தேதி பெலிகன்ஸோட, 17ல 13, அப்ப அது ஒரே மேட்ச்ல போட்ட என்பிஏ ரெக்கார்டு. மூணே நாள் வித்தியாசம், அதே கை தான். பாய்சான் கணக்குப்படி சைபரும் அபூர்வம் 13ம் அபூர்வம், ஆனா நிமிஷமும் ஷாட் எண்ணிக்கையும் நாளுக்கு நாள் மாறுறதால ரெண்டு ஓரமும் பாய்சான் சொல்றத விட கொஞ்சம் தடிமனாத்தான் இருக்கும். அதுக்கு நெகட்டிவ் பைனாமியல்ங்கற இன்னொரு ஃபார்முலா போடலாம், ஆனா மொதல்ல நிமிஷத்த சரியா புடிச்சாலே முக்கால்வாசி வேல முடிஞ்சது.

கேள்வி: மூணு ப்ராப்ப சேத்து பார்லே (மூணும் ஜெயிச்சாத்தான் பணம்) போட்டா கிட்டத்தட்ட ஏழு மடங்கு குடுக்குறாங்களே?

பதில்: மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத பாதிக்குப் பாதின்னா நியாயமா எட்டு மடங்கு குடுக்கணும். மைனஸ் 110ல 1 டாலர் போட்டு ஜெயிச்சா 1.91 திரும்ப வரும், அந்த 1.91ஐ மூணு தடவ பெருக்கினா 6.97. ஒத்தப் பந்தயத்துல 100க்கு நாலரை டாலர் தான் போச்சு, இங்க 13 போகுது.

கேள்வி: திருச்சில இருந்து எழுதுறேன். பையன் டொராண்டோல படிக்கிறான், 20 வயசு. அங்க இது சட்டப்படி சரிதான்ங்கறான். மூணு வாரத்துல 50 ப்ராப்ல 31 ஜெயிச்சுட்டேன், என் ஃபார்முலா வேல செய்யுதும்மான்னு சொல்றான். நம்பலாமா?

பதில்: அம்மா, டொராண்டோ இருக்குற ஒன்டாரியோ மாகாணத்துல 19 வயசு ஆயிட்டா சட்டப்படி சரிதான், அதுல பொய் சொல்லல. ஆனா ஃபார்முலா வேல செய்யுதுன்னு 50ஐ வச்சு சொல்ல முடியாது. எதுவும் தெரியாத 100 பேர் காச சுண்டி 50 ப்ராப் போட்டாலே அதுல ஆறு பேருக்கு 31 இல்ல அதுக்கு மேலயே விழும், தம்பி அந்த ஆறுல ஒருத்தரா இருக்கலாம். மைனஸ் 110ல நஷ்டம் இல்லாம தப்பிக்கவே 52.4 சதவீதம் ஜெயிக்கணும், நெசமாவே 55 ஜெயிக்கிற தெறமை ஒருத்தனுக்கு இருந்தாலும் அத நிரூபிக்க ஆயிரம் பந்தயம் கூட பத்தாது.

இன்னொன்னும் அவன்கிட்ட சொல்லுங்க. அந்த ஊர் டீம் ராப்டர்ஸ்ல ஆடின ஜான்டே போர்ட்டர், 2024 மார்ச் 20 மேட்ச்ல மூணு நிமிஷம் ஆடிட்டு ஒடம்பு சரியில்லன்னு வெளிய போயிட்டார். அவரோட நம்பர் எல்லாம் அண்டர்ல முடியும்னு ஒருத்தர் 80,000 டாலர் பார்லே போட்டிருந்தார், ஜெயிச்சா 11 லட்சம் டாலர். ஏப்ரல் 17 என்பிஏ போர்ட்டருக்கு ஆயுள் தடை போட்டுச்சு, ஜூலைல கோர்ட்ல அவரே குத்தத்த ஒத்துக்கிட்டார். பெஞ்ச்ல இருந்து வர்ற ப்ளேயரோட நிமிஷம் இப்படி ஒருத்தர் கைல இருக்குறப்ப எந்த ஃபார்முலாவும் அத புடிக்காது.

கோபப்படாதீங்கம்மா, கணக்குல ஆர்வம் இருக்குற பையன் தான். இன்னைல இருந்து பணம் போடாம, மேட்ச்சுக்கு முன்னாடியே ஓவர் சான்ஸ் எத்தன சதவீதம்னு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க, 60னு எழுதினதுல நெசமாவே 100க்கு 60 வருதான்னு சீசன் முடிஞ்சதும் அவனே எண்ணிப் பாக்கட்டும். பணம் போடாம இருக்க முடியலன்னு சொன்னான்னா அது வேற விஷயம், உடனே சூதாட்டப் பழக்கத்துக்கு உதவுற கனெக்ஸ் ஒன்டாரியோ ஹெல்ப்லைனுக்கு பேசச் சொல்லுங்க, 24 மணி நேரமும் இலவசம். ஃபீஸ் பணம் எந்த அக்கவுண்ட்ல இருக்குன்னும் ஒரு தடவ கேட்டு வச்சுக்கோங்க.