தோளும் மணிக்கட்டும்: ஸ்கேன் எடுப்போருக்கான கேள்வி பதில்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்போருக்கு வேலையால் வரும் உடல்வலியையும் மன அழுத்தத்தையும் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வயிற்று ஸ்கேனும் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுப்பவர். புதியவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறேன். மருந்து, ஊசி, அறுவை ஆகியவை குறித்து மருத்துவரே சொல்ல வேண்டும் என்பதால் அவற்றுக்குள் நான் செல்லவில்லை.

கேள்வி: வேலையில் சேர்ந்து ஓராண்டு கூட ஆகவில்லை. மாலையானால் புரோப் (நோயாளியின் உடல்மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கைக்கருவி) பிடிக்கும் பக்கத்துத் தோள் கனத்து வலிக்கிறது. போகப்போகப் பழகிவிடும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். உண்மைதானா?

பதில்: இல்லை, பழகாது. அந்தச் சொல்லை நம்பி வலியைப் பொறுத்துக்கொண்டவர்களில் பலர், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத நிலை வந்த பிறகே மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். ஸ்கேன் எடுப்போரிடம் இந்தத் தோள்வலி காணப்படுவதை 1985-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஸ்கேன் நிபுணர் மார்வீன் கிரெய்க் எழுதியிருக்கிறார். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், பதில் அளித்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வலியோடுதான் வேலை செய்வதாகத் தெரிவித்தனர். எனவே இதை உங்கள் உடம்பின் பலவீனம் என்று எண்ண வேண்டாம்.

கை உடலை விட்டுப் பக்கவாட்டில் விலகி நிற்கும்போது, அதைத் தாங்கிப் பிடிக்கும் தோள் தசைகள் அசைவே இல்லாமல் இறுகி நிற்கின்றன. இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது. தோள்பட்டை எலும்பின் முனைக்கு அடியில் செல்லும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) நெருக்கப்படுகிறது. போதாக்குறைக்கு அதே கையால் நோயாளியின் உடலை அழுத்தவும் வேண்டியிருக்கிறது. இந்நிலை ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள் என்று தொடங்கி, நாள் முழுவதும் இடைவெளியின்றித் தொடரும்போதுதான் தசைநாண் மீள நேரமின்றிச் சிதையத் தொடங்குகிறது.

ஆகவே நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது ஒன்றே: மேற்கை உடலிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. அதற்கு நீங்கள் நோயாளியை நோக்கி எட்டக் கூடாது. நோயாளிதான் உங்களை நோக்கி வர வேண்டும். கட்டிலின் நடுவில் படுத்திருப்பவரை, "இந்த ஓரத்துக்கு நன்றாக நகர்ந்து வாருங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலைத் தாழ்த்தி, உங்கள் நாற்காலியை உயர்த்துங்கள். முன்கைக்கு அடியில் சுருட்டிய துண்டையோ ஸ்பாஞ்சுத் துண்டையோ வைத்தால் தோளின் சுமை மேலும் குறையும். மானிட்டர் நேர் எதிரே, அதன் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். கீபோர்டை எட்டும் மற்றொரு கையும் நீண்டு நிற்கக் கூடாது. இரண்டு வாரங்களில் வலி குறையாவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். கையை உதறினால் சரியாகிறது.

பதில்: மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதை உறுதிசெய்ய நரம்புப் பரிசோதனை உண்டு; உடனே மருத்துவரைப் பாருங்கள். வேலையில் நீங்கள் மாற்ற வேண்டியது பிடியை. புரோபை விரல் நுனிகளால் கிள்ளிப் பிடிக்காமல், உள்ளங்கை முழுவதும் படும்படி தளர்வாகப் பிடியுங்கள். ஜெல் வழிந்த புரோப் வழுக்குவதால் கை தன்னையறியாமல் இறுகும். ஆகவே கைப்பிடியை அடிக்கடி துடையுங்கள். தொளதொளவென்ற கையுறையும் இதே தீங்கைச் செய்யும். புரோபின் கேபிள் தரையை நோக்கித் தொங்கி இழுத்தால், அந்த எடையையும் உங்கள் மணிக்கட்டுதான் சுமக்கிறது; முன்கையில் மாட்டும் கேபிள் பட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மணிக்கட்டுப் பட்டை அணிந்துகொண்டு ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: மருத்துவர் சொன்னால் இரவில் அணியுங்கள். வேலையின்போது மணிக்கட்டைக் கட்டிவிட்டால், அது செய்ய வேண்டிய அசைவை முழங்கையும் தோளும் செய்யும். வலி இடம் மாறும்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். ஸ்கேன் கதிர்வீச்சு என் குழந்தையைப் பாதிக்குமா?

பதில்: அல்ட்ராசவுண்டில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை, ஒலி அலைகள்தான். மற்ற ஐயங்களை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். இந்தப் பகுதிக்குரிய எச்சரிக்கை வேறு: வயிறு வளர வளர நீங்கள் கட்டிலை விட்டுத் தள்ளி அமர்வீர்கள், அதனால் கை மேலும் நீளும். பிற்பாதி மாதங்களில் நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்படி இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: தோளை வலுப்படுத்த எந்த உடற்பயிற்சி நல்லது?

பதில்: உங்கள் தோளைப் பரிசோதித்த பிசியோதெரபிஸ்ட் சொல்வதே நல்லது. ஏற்கெனவே வீங்கியிருக்கும் தசைநாணுக்கு எடை தூக்கும் பயிற்சி கேடாகலாம்.

கேள்வி: நான் ஒரு ஸ்கேன் மையத்தின் நிர்வாகி. உங்கள் பதில்களில் கட்டில், நாற்காலி, நேரம் என்றே பேசுகிறீர்கள். தொழில்நுட்பர்கள் தங்கள் உடலைக் கவனித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீராதா? ஒரே அறையில் ஒருவருக்கு வலிக்கிறது, இன்னொருவருக்கு வலிக்கவில்லையே?

பதில்: உடற்பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை முதல் தீர்வாக வைப்பதை ஏற்க மாட்டேன். தீங்கை அது பிறக்கும் இடத்திலேயே நீக்குவது முதற்படி. கருவிகளைத் திருத்துவது அடுத்தது. வேலை நேரத்தை ஒழுங்கு செய்வது அதற்கும் அடுத்தது. தனி ஆளின் பழக்கத்தை மாற்றுவது கடைசி. தொழில் பாதுகாப்பில் எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும் வரிசை இது. நீங்கள் கடைசிப் படியை முதலில் வைக்கிறீர்கள். ஒருவருக்கு வலிக்கவில்லை என்பதற்கு அவருடைய உயரம் அந்தக் கட்டிலுக்குத் தற்செயலாகப் பொருந்தியது காரணமாக இருக்கலாம். அல்லது வேலை போய்விடும் என்ற அச்சத்தில் அவர் சொல்லாமல் இருக்கலாம். இரண்டாவதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

கேள்வி: நிர்வாகி சொல்வதில் நியாயம் உண்டு. நான் தினமும் உடற்பயிற்சி செய்கிறேன், பல ஆண்டுகளாக வலியே இல்லை.

பதில்: மகிழ்ச்சி. ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள், கட்டில் உயரம் மாறுமா என்பதையும் எழுதினால் உங்கள் அனுபவம் மற்றவர்களுக்குப் பயன்படும்.

கேள்வி: (அதே உறுப்பினர்) மின்விசையில் ஏறி இறங்கும் கட்டில். இரண்டு ஸ்கேனுக்கு நடுவே பத்து நிமிடம் கிடைக்கும்.

பதில்: நிர்வாகி அவர்கள் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் கட்டில் நிலையானது. மாற்றித் தரமாட்டார்கள். என்ன செய்வது?

பதில்: உயரும் நாற்காலியாவது கேளுங்கள். அதுவும் இல்லையெனில், நின்றுகொண்டு எடுக்கக்கூடிய ஸ்கேன்களை நின்றே எடுங்கள். குட்டையானவர்கள் அகலமான, ஆடாத பலகை மேல் நிற்கலாம். கடினமான ஸ்கேன்களை அடுத்தடுத்து வைக்காமல் எளியவற்றோடு கலந்து அட்டவணை இடும்படி வரவேற்பறையில் இருப்பவரிடம் பேசுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை. வலி வந்த நாள், எடுத்த ஸ்கேன், நீடித்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வாய்ச்சொல்லை மறுப்பவர்கள் கூட எழுதிய பதிவை எளிதில் மறுப்பதில்லை.

கேள்வி: உடல் பருமனானவர்களுக்கு மிகவும் அழுத்த வேண்டியிருக்கிறது.

பதில்: அவரைப் பக்கவாட்டில் திருப்புங்கள், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், குறைந்த அதிர்வெண் புரோபுக்கு மாறுங்கள். அதற்குப் பிறகும் படம் தெளியாவிட்டால், நோயாளியின் உடலமைப்பால் படம் தெளிவில்லை என்று ரிப்போர்ட்டில் குறிக்கும்படி மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தோளைப் பணயம் வைத்து இன்னும் அழுத்துவதால் கிடைக்கும் படம் பெரும்பாலும் மாறுவதில்லை.

கேள்வி: தோள் வலுவுக்கு ஏதாவது பயிற்சி சொல்லுங்கள்.

பதில்: இதற்கு மேலே பதில் சொல்லியிருக்கிறேன். முதலில் கட்டில், 30 டிகிரி, முன்கைக்குத் தாங்கல். பிறகு பிசியோதெரபிஸ்ட்.

கேள்வி: மணிக்கட்டுப் பட்டையில் எந்த வகை சிறந்தது?

பதில்: வேலையின்போது எந்த வகையும் வேண்டாம். மேலே படியுங்கள்.

கேள்வி: உடல்வலியை விட இதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கருவில் இதயத்துடிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. தாய் என் முகத்தையே பார்க்கிறார். மருத்துவர் வரும்வரை நான் எதுவும் சொல்லக் கூடாது. அடுத்த ஐந்தாவது நிமிடம் இன்னொரு கர்ப்பிணி சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறார்.

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. உண்மையை மறைத்துக்கொண்டு முகத்தை நிலையாக வைத்திருப்பதும் உழைப்புதான்; அது தோளையும் கழுத்தையும் இறுக்கவும் செய்கிறது. அமைதியாக இருக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களுக்கு என்ன சொல்வது என்று முன்கூட்டியே உங்கள் மருத்துவரோடு பேசி ஒரு வாக்கியத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். "எனக்குச் சில படங்கள் தெளிவாக வேண்டியிருக்கின்றன, மருத்துவரையும் பார்க்கச் சொல்கிறேன்" என்பது பொய்யுமன்று, தீர்ப்புமன்று. "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். அத்தகைய ஸ்கேனுக்குப் பிறகு அடுத்தவரை உடனே அழைக்காமல் இருக்கும் உரிமை உங்களுக்கு வேண்டும். அதை மையத்தின் விதியாகவே எழுதச் செய்யுங்கள், ஏனெனில் ஒவ்வொரு முறையும் கெஞ்சிப் பெறும் இடைவெளி ஓய்வாக அமையாது. தூக்கம் கெட்டாலோ, வேலைக்குப் புறப்படும்போதே நெஞ்சு படபடத்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எக்கோவை எந்தக் கையால் எடுப்பது நல்லது?

பதில்: நோயாளியின் உடலைச் சுற்றிக் கையை வளைக்க வேண்டியிராத பக்கம் எதுவோ அதுவே நல்லது. மார்புக்கு நேரே பலகை கீழிறங்கும் எக்கோ கட்டில் இருந்தால் மணிக்கட்டு மடங்காது.

கேள்வி: (நிர்வாகி) உங்கள் வாதத்தை ஏற்கிறேன். இந்த ஆண்டு ஒன்றுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும். புதிய ஸ்கேன் இயந்திரமா, புதிய கட்டிலா?

பதில்: இப்போதைய இயந்திரத்தின் படம் நோயறியப் போதுமானது என்றால் கட்டில். மின்விசையில் ஏறி இறங்குவதும், உங்கள் பணியாளர்களில் மிகக் குட்டையானவர் அமர்ந்தபடியே முழங்கையைத் தொங்கவிட்டு ஸ்கேன் எடுக்கும் அளவுக்குத் தாழ்வதும், ஓரத்தில் முழங்கால் நுழைய இடம் உள்ளதுமாகப் பாருங்கள். வாங்குவதற்கு முன் ஸ்கேன் எடுப்பவர்களையே அதில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.