சாணியில் முழுசாக வரும் மக்காச்சோளம்: கால்நடை கேள்வி–பதில்

கேள்வி: விலை சரியில்லை என்று இந்த முறை மக்காச்சோளத்தை விற்காமல் வைத்திருக்கிறோம். இரண்டு கலப்பினக் கறவை மாட்டுக்கும் ராத்திரியே ஊறவைத்து, காலையில் முழுசாகப் போடுகிறேன். மாடுகள் ஆசையாகத் தின்கின்றன. ஆனால் சாணியில் சோளம் அப்படியே வருகிறது, கோழிகள் பொறுக்குகின்றன. பாலும் கூடவில்லை. ஊறவைத்தால் போதாதா டாக்டர்?
– பெரம்பலூர் மாவட்ட வாசகி

பதில்: போதாதும்மா. கோழிகள் பொறுக்குவது உங்கள் கேனுக்கு வந்திருக்க வேண்டிய பால்.

மக்காச்சோளத்தின் உலர் எடையில் சுமார் 70 சதவீதம் மாவுச்சத்து. அதற்காகத்தான் அதை மாட்டுக்குப் போடுகிறோம். மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களால், உடையாத தோலைத் தாண்டி உள்ளே போக முடியாது. தோலில் எங்கேயாவது வழி திறந்தால்தான் அவற்றுக்கு வேலை. உள்ளே போனாலும் இன்னொரு தடை உண்டு. மாவுத் துகள்களைச் சுற்றி ஸெயின் என்ற புரதம் இறுகப் பிடித்திருக்கும். இது தண்ணீரில் கரையாது. நீங்கள் ஊறவைத்ததில் தோல் இளகியிருக்குமே தவிர இந்தப் பிடி விட்டிருக்காது.

ஒரு மணியை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினாலே உதிரும் மாவு இருக்கும். அதைச் சுற்றி மஞ்சளாக, நகமே ஏறாத கெட்டிப் பகுதி. நம் பக்கம் விளையும் ரகங்களில் பெரும்பாலும் கெட்டிப் பகுதிதான் அதிகம். ஸெயின் பிடிப்பும் அங்கேதான் அதிகம்.

அசைபோடும்போது மென்றுவிடாதா என்று கேட்பீர்கள். வளர்ந்த பசு தானியத்தைக் கண்டால் அவசரமாக விழுங்கிவிடும். சோளமணி கனமானது, பெருவயிற்றின் அடிக்குப் போய்விடும். அசைபோட வாய்க்குத் திரும்பி வருவது பெரும்பாலும் மேலே மிதக்கும் தட்டையும் புல்லும்தான். கோழிக்கு அரைவைப்பை இருக்கிறது, அதனால் அது சமாளிக்கிறது. இளங்கன்றுகூட முழுமணியை நன்றாக மெல்லும், பசு மெல்லாது. அமெரிக்காவில் அயோவா, இல்லினாய் பக்கம் அந்தக் காலத்தில் மாட்டுக்குச் சோளம் போட்டுவிட்டு, அதே பட்டியில் பன்றிகளையும் விட்டு வைப்பார்கள். சாணியில் விழுந்த சோளத்திலேயே பன்றி கொழுத்துவிடும். பன்றி வளர்க்காத நமக்கு அது முழு நட்டம்.

அதனால் உடைத்துப் போடுங்கள். மில்லில் 2 முதல் 3 மில்லிமீட்டர் சல்லடை போட்டு அரைக்கச் சொல்லுங்கள். கையில் எடுத்தால் ரவையும் பொடிக்குருணையும் கலந்தாற்போல் இருக்க வேண்டும், முழுமணி ஒன்றுகூட தப்பியிருக்கக் கூடாது. சல்லடை கிழிந்த மில்லில் அரைத்து வாங்கி வந்து, அரைத்ததுதானே போடுகிறேன் என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூட்டையைக் கட்டுவதற்கு முன் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள்.

புதுத் தீவனத்துக்குப் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். அதன்பின் ஒரு கைப்பிடி சாணியைப் பழைய மாவுச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசிப் பாருங்கள். மிஞ்சுவது வெறும் தோல் சீவல் என்றால் அரைவை சரி. தோலோடு மஞ்சள் துணுக்கு ஒட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் பொடியாக அரைக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் புண்ணுக்குப் போடும் அயோடினை ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் அது செரிக்காத மாவுச்சத்து. ஆய்வகத்தில் பார்த்தால், சாணியின் உலர் எடையில் மாவுச்சத்து 3 சதவீதத்துக்குள் இருப்பதுதான் நல்ல கணக்கு. கறவை மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் சாணி அலசும் பழக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: நான் சோளத்தை மைதா மாதிரி நைசாக அரைத்து, தண்ணீரில் கரைத்துக் காலையும் மாலையும் தண்ணி காட்டும்போது கொடுக்கிறேன். முதலில் பால் கூடியது. இப்போது சொசைட்டியில் கொழுப்பு குறைகிறது என்கிறார்கள். சாணியும் இளக்கமாகப் போகிறது.
– உடுமலைப்பேட்டை வாசகர்

பதில்: நீங்கள் எதிர்ப்பக்கம் போய்விட்டீர்கள். நைசான மாவில் நுண்ணுயிர்கள் ஒரே நேரத்தில் பாயும். வயிற்றில் அமிலம் சட்டென்று ஏறும். நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. அவை தளர்ந்தால் அசிட்டிக் அமிலம் குறையும். பாலில் கொழுப்பு உருவாக அதுதான் முக்கிய மூலப்பொருள். பால் கூடியதும் கொழுப்பு குறைந்ததும் ஒரே காரணத்தால்தான்.

கரைத்துக் கொடுப்பது இதை இன்னும் மோசமாக்கும். நன்றாக மென்று அசைபோடும் பசுவுக்கு ஒரு நாளில் 100 லிட்டருக்குக் குறையாமல் உமிழ்நீர் சுரக்கும். அந்த உமிழ்நீரில் இருக்கும் சோடாதான் வயிற்றுப் புளிப்பை அடக்குவது. உறிஞ்சிக் குடிக்கும் தீவனத்துக்கு மெல்லும் வேலையே இல்லை, உமிழ்நீரும் ஊறாது.

மாவை விட்டு ரவைப் பதத்துக்கு வாருங்கள். முதலில் தட்டையோ வைக்கோலோ போட்டு, அது கொஞ்சம் உள்ளே போன பிறகு அடர்தீவனத்தைப் பிசிறிப் போடுங்கள். தண்ணீரைத் தனியாகத் தொட்டியில் வையுங்கள். அளவையும் பாருங்கள். 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு உடம்புக்கு ஒன்றரை கிலோ, பாலுக்கு நான்கு கிலோ என்று ஐந்தரை கிலோ அடர்தீவனம் போதும். அதில் சோளம் நூற்றுக்கு 30 பங்கு என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மீதி புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு. புண்ணாக்கைக் குறைத்துவிட்டுச் சோளத்தை ஏற்றினால் பலன் வராது. மாவுச்சத்தைத் தின்று நுண்ணுயிர் பெருக, அதற்குப் புரதமும் வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் மக்காச்சோளத்தை அவல் மாதிரி தட்டிப் போடுகிறார்களாமே? இங்கே இருபது மாட்டுப் பண்ணைக்கு அந்த இயந்திரம் வாங்கலாமா?
– சேலம் வாசகர்

பதில்: உண்மைதான். டெக்சஸ், கன்சாஸ் பகுதிகளில் ஆயிரக்கணக்கில் இறைச்சி மாடுகளை அடைத்து வளர்க்கும் பெரிய பட்டிகளில் இதுதான் வழக்கம். சோளத்தை அரை மணி நேரத்துக்கு மேல் நீராவியில் வைத்து, சூடாகவே இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குவார்கள். லிட்டருக்கு 720 கிராம் இருந்த சோளம், தட்டிய பிறகு லிட்டருக்கு 360 கிராம் அளவுக்கு லேசாகிவிடும். சூடும் ஈரமும் நசுக்கலும் சேர்ந்து, நான் முதல் பதிலில் சொன்ன புரதப் பிடியைக் கலைத்துவிடுகின்றன. வெறுமனே உடைத்த சோளத்தில் மாவுச்சத்து 90 சதவீதத்தை ஒட்டிச் செரித்தால், இதில் 98, 99 வரை போகும்.

ஆனால் கொதிகலன், உருளை, எரிபொருள், ஆள் எல்லாவற்றையும் இருபது மாட்டின் தலையில் கட்டினால் அந்த எட்டு, ஒன்பது சதவீதம் எங்கே போனது என்றே தெரியாது. வேண்டாம். அந்தப் பணத்தில் சைலேஜ் குழி போடுங்கள். மணி பால் பிடித்து மாவாகும் பருவத்தில் தட்டையோடு வெட்டி, நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து மூடினால், மணியும் மென்மையாக இருக்கும். குழிக்குள் மாதக்கணக்கில் நடக்கும் புளிப்பேற்றமே அந்தப் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். நறுக்கும்போது மணிகள் நசுங்குகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: சோளக்குருணையையும் அரிசியையும் வேகவைத்துக் கூழாகக் கொடுக்கிறோம். மாட்டுப் பொங்கலன்று பொங்கலும் சேர்த்து நிறையக் கொடுத்ததில் ஒரு மாடு படுத்துவிட்டது. டாக்டர் வந்து காப்பாற்றினார். வேகவைத்தது நல்லதுதானே?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: நமக்கு நல்லது, மாட்டுக்கு ஆபத்து. வெந்த மாவுச்சத்து வயிற்றில் மிக வேகமாகப் புளிக்கும். ஒரேயடியாக நிறையப் போனால் லாக்டிக் அமிலம் குவிந்து பெருவயிறே நின்றுவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மருந்தகங்களில் வந்து நிற்கும் மாடுகளில் நிறைய இந்த ரகம்தான். பாசத்தோடு ஊட்டி உயிரைப் பறிகொடுத்தவர்கள் அழுவதைப் பார்த்தவன் நான். தயவுசெய்து கேளுங்கள், பொங்கலன்று நாலு உருண்டைக்கு மேல் வேண்டாம்.

அசைபோடாமல் நிற்பது, இடது பக்க வயிறு தளும்புவது, புளித்த நாற்றத்தோடு கழிவது, தள்ளாடுவது – இதில் எது தெரிந்தாலும் தானியத்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். படுத்த மாட்டின் வாயில் எதையும் நீங்களாக ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

கேள்வி: வெள்ளாட்டுக்கும் உடைத்துத்தான் போட வேண்டுமா? அரைத்த சோளம் எத்தனை நாள் தாங்கும்?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: வெள்ளாடும் செம்மறியும் நன்றாக மெல்லும், முழுசாகவே போடலாம், அரவைக்கூலி மிச்சம்.

அரைத்ததை ஒரு வாரம், பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். முளைப்பகுதியில் எண்ணெய் இருப்பதால் உடைத்ததும் சிக்குவாடை வரத் தொடங்கும், ஈரமும் சீக்கிரம் ஏறும். முழுச்சோளத்தை ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்து மூட்டை கட்டி, தேவைக்கு மட்டும் அரையுங்கள். பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தால் அஃப்லாடாக்சின் நஞ்சு இருக்கலாம், அது பாலிலும் இறங்கும். அந்தச் சோளத்தைக் கழுவிக் காயவைத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு போய்விடாது. மாட்டுக்கு வேண்டாம் என்று ஆட்டுக்கோ கோழிக்கோ தள்ளிவிடவும் கூடாது, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.