அசிட்டால்டிகைடு: உலகச் சந்தையும் உள்ளூர் எரிசாராயமும் – கேள்வி பதில்

இரசாயன இடைநிலைப் பொருள்களின் கொள்முதலில் இருப்பவன் என்பதால், அசிட்டால்டிகைடு பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். எளிதில் ஆவியாகும் திரவம் இது; இதை வைத்து வேறு இரசாயனங்களைத் தயாரிக்கிறார்கள்.

கேள்வி: அசிட்டால்டிகைடின் உலகச் சந்தை வேகமாக வளரும் என்று ஆளுக்கொரு சதவீதம் சொல்லி அறிக்கை விற்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: காசு கொடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள். அவர்கள் கணக்கிடுவது உற்பத்தியையா, விற்பனையையா? இந்தச் சரக்கில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. இதன் கொதிநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ். மார்கழிக் குளிரில்கூடச் சென்னையில் திரவமாக நிற்க அடம்பிடிக்கும். காற்றில் 4 சதவீதம் முதல் 60 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பற்றும். காற்றுப் பட்டே கிடந்தால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உண்டாகும். அதனால் குளிரூட்டி, மேலே நைட்ரஜன் நிரப்பித்தான் வைக்க வேண்டும்.

இப்படிப்பட்டதைக் கப்பலேற்றி விற்க யாருக்கு ஆசை வரும்? பெரும்பாலான ஆலைகள் வளாகத்தின் ஒரு பக்கம் தயாரித்து, மறுபக்கம் குழாய் வழியே அனுப்பி, பிரிடினாகவோ (களைக்கொல்லிக்கு வேண்டிய மூலப்பொருள்) வேறொன்றாகவோ மாற்றிவிடுகின்றன. டேங்கரில் வெளியே வருவது மிச்சம் மீதிதான். அந்த டேங்கர் விலையை மொத்த உற்பத்தியால் பெருக்கிக் காட்டும் கோடிகள் யாருடைய கல்லாவிலும் விழாதவை. பிரிடின், பென்டாஎரித்ரிடால், எத்தில் அசிட்டேட், குரோட்டனால்டிகைடு என்று இதன் வாரிசுகள் எப்படி விற்கின்றன என்று தனித்தனியாகப் பாருங்கள். இதன் கிராக்கி அதற்குள்தான் இருக்கிறது.

கேள்வி: அசிட்டிக் அமிலம் இதிலிருந்துதான் வருகிறது என்று கல்லூரிப் பாடத்தில் படித்தேன். அசிட்டிக் அமிலச் சந்தை வளர்ந்தால் இதுவும் வளருமே?

பதில்: பாடம் பழையது, அம்மா. 1970இல் மான்சான்டோ நிறுவனம் ரோடியம் வினையூக்கியை வைத்து, மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து நேரடியாக அசிட்டிக் அமிலம் எடுக்கும் ஆலையைத் தொடங்கியது. 1996இல் பிபி நிறுவனம் இரிடியத்தைக் கொண்டு அதையே இன்னும் மலிவாக்கியது. மெத்தனால் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ கிடைக்கும்போது அசிட்டால்டிகைடு வழியாகச் சுற்றி வருவது வீண் செலவு. முன்பு இதிலிருந்து எடுத்த பியூட்டனால் என்ற கரைப்பானும் இதேபோல் கைமாறி, புரொப்பிலீன் என்ற பெட்ரோலிய வாயுவின் பக்கம் போய்விட்டது. இரண்டு பெரிய வாடிக்கையாளர்களை இழந்த சரக்கு இது. இன்றைய வளர்ச்சிக் கதைகளைப் படிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

கேள்வி: உலகம் எத்திலீன் என்ற பெட்ரோலிய வாயுவிலிருந்து இதைத் தயாரிக்கும்போது இந்தியா ஏன் இன்னும் சாராயத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறது?

பதில்: பல்லேடியம், தாமிரக் குளோரைடுகளை வைத்து எத்திலீனை ஆக்சிஜனேற்றம் செய்யும் வாக்கர் முறை 1950களின் கடைசியில் ஜெர்மனியில் உருவானது. எத்திலீன் மலிந்த இடங்களில் அது வென்றது. இங்கே எத்திலீன் பெரும்பாலும் பாலித்தீனுக்குப் போய்விடுகிறது. சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம், அதாவது எத்தனால், தாராளமாகக் கிடைத்தது. ஆகவே தொழில் அந்த வழியில் வளர்ந்தது. ஸ்வீடனில் செகாப் நிறுவனமும் எத்தனாலிலிருந்துதான் தயாரிக்கிறது, நாம் மட்டும் விதிவிலக்கு அல்ல.

இனி கணக்கு. 46 கிலோ எத்தனாலிலிருந்து அதிகபட்சம் 44 கிலோ அசிட்டால்டிகைடு வரும். ஒரு டன்னுக்குக் குறைந்தது 1,045 கிலோ, அதாவது சுமார் 1,325 லிட்டர் எத்தனால் வேண்டும். ஆலையில் எப்போதும் இதைவிடக் கூடத்தான் ஆகும். 2024-25 பருவத்தில் எண்ணெய் நிறுவனங்கள் வாங்க, சி வகைக் கழிவுப்பாகு (சர்க்கரையை முடிந்தவரை எடுத்த பின் மிஞ்சும் கடைசிப் பாகு) எத்தனாலுக்கு மத்திய அரசு நிர்ணயித்த விலை லிட்டருக்கு 57.97 ரூபாய். அந்த விலையில் வாங்கினாலே மூலப்பொருளுக்கு மட்டும் சுமார் 77 ஆயிரம் ரூபாய். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்த பிறகு, சாராய ஆலைக்கு அரசு எண்ணெய் நிறுவனம் என்ற நிச்சயமான வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். இரசாயன ஆலை அவரோடு போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்ப அரசு கட்டுப்பாடு விதித்தபோது கொள்முதல்காரர்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பலர் அமெரிக்க எத்தனாலை இறக்குமதி செய்து சமாளிக்கிறார்கள். மழை பொய்த்தால் பிரிடின் விலை ஏறுகிற நாடு இது.

கேள்வி: பிரிடினில் சீனா நம்மை அடித்துவிட்டது என்கிறார்களே?

பதில்: அசிட்டால்டிகைடு, ஃபார்மால்டிகைடு, அம்மோனியா மூன்றும் சேர்ந்தால் பிரிடினும் பீட்டா பிக்கோலினும் ஒருசேர வரும். பிரிடினின் பெரிய வாடிக்கையாளர் பாராகுவாட் களைக்கொல்லி. அங்கேதான் சிக்கல். இந்தியா, ஜப்பான் பிரிடின் மீது சீனா 2013இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலையில் வரும் இறக்குமதியைத் தடுக்கும் வரி) போட்டுத் தன் ஆலைகளைக் காத்துக்கொண்டது. பிறகு பாராகுவாட்டுக்கே கண்டம் வந்தது. சீனா 2016இல் அதன் கரைசலை உள்நாட்டில் விற்கத் தடை விதித்தது. 2020இல் தாய்லாந்தும் பிரேசிலும் தடை செய்தன. உடலுக்குள் போனால் மாற்று மருந்தே இல்லாத விஷம் அது. தடையை நான் குறை சொல்ல மாட்டேன், என் தொழிலுக்கு நஷ்டம் என்றாலும்.

பீட்டா பிக்கோலின் கதை வேறு. அது வைட்டமின் பி3 ஆகிக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. முட்டை தின்பவர்கள் குறையப்போவதில்லை.

கேள்வி: எந்த நிறுவனத்தின் பங்கை வாங்கலாம்?

பதில்: அதற்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: கடலூரில் இருக்கிறேன். எங்கள் சிப்காட்டில் 'பென்டா' தயாரித்த ஆலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: நேரடித் தொடர்பு. ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் பென்டாஎரித்ரிடால் ஆலையைச் சொல்கிறீர்கள். ஒரு அசிட்டால்டிகைடு மூலக்கூறோடு நான்கு ஃபார்மால்டிகைடு மூலக்கூறுகள் காரத்தின் முன்னிலையில் சேர்வதுதான் பென்டா. உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் அடித்த எனாமல் பெயின்டின் ஆல்கிட் பிசினுக்கு, அதாவது பெயின்டைப் படலமாக ஒட்டவைக்கும் பொருளுக்கு, அது வேண்டும். ஒரு டன் பென்டாவுக்கு அசிட்டால்டிகைடு கணக்குப்படி சுமார் 324 கிலோ, நடைமுறையில் கொஞ்சம் கூடுதல். ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் குஜராத்தில் பென்டா ஆலை அமைத்திருக்கிறது. உள்நாட்டு அசிட்டால்டிகைடுக்கு நான் நம்பும் கிராக்கி இந்தத் திசையில்தான்.

கேள்வி: மினமாட்டா நோய்க்குக் காரணம் இதுதானா?

பதில்: இதைத் தயாரித்த பழைய முறை. அசிட்டிலீனையும் நீரையும் பாதரச வினையூக்கியால் சேர்த்தார்கள். ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ஆலையின் கழிவில் மெத்தில் பாதரசம் கடலுக்குப் போய், மீன் வழியாக மனிதர்களைத் தாக்கியது. நோய் 1956இல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஆலை அந்த முறையை நிறுத்தியது 1968 மே மாதம். அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது அதே ஆண்டு செப்டம்பரில். எத்திலீன் முறை வந்து பழைய ஆலை காலாவதியான பிறகே நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

கேள்வி: ஈரோட்டில் சிறிய அளவில் அசிட்டால்டிகைடு ஆலை தொடங்க எண்ணம். திட்டச் சுருக்கத்தை அனுப்பியிருக்கிறேன். வங்கிக் கடன் வாங்கலாமா?

பதில்: குழாய் எட்டும் தூரத்தில் வாங்குபவர் ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை வேண்டாம், தம்பி. சாராய அனுமதியையும் லேசாக எண்ணாதீர்கள். தொழிற்சாலைச் சாராயத்தையும் மாநிலங்கள் ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2024 அக்டோபரில் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்திருக்கிறது. மாநில விதிகளைப் படித்துவிட்டு இடம் பாருங்கள். இன்னொன்று, எத்தனாலிலிருந்து ஹைட்ரஜனை நீக்கும் முறை என்று எழுதியிருக்கிறீர்கள்; வெளியே வரும் ஹைட்ரஜனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டன்னுக்குச் சுமார் 45 கிலோ வரும். கொதிகலனில் எரித்தாலும் அது காசு. கணக்கில் சேர்த்து மறுபடி அனுப்புங்கள், பார்க்கிறேன்.