கிராணியின் மழைக் கணக்கு

கேள்வி: ஐயா, தோட்டத்துக் கிராணியாக (எழுத்தராக) இருந்த அப்பா எழுதிவைத்த மழைக் கணக்கைச் சைப்பை (SciPy) என்ற பைத்தான் நிரல்மொழிக் கணக்கீட்டு நூலகத்தைக் கொண்டு ஆராய நினைத்தேன். டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் கணினியில், பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் (pip) அதை நிறுவ மறுக்கிறது; ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்கிறது.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நல்லதற்குத்தான் மறுக்கிறது அம்மா. டெபியனின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானை நம்பி ஓடுகின்றன. பிப் குறுக்கே புகுந்து எதையாவது மாற்றினால் அவை படுத்துவிடும். நானே ஒருமுறை சூடோ (sudo, நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டு அடம்பிடித்து, தீபாவளி விடுமுறையைக் கணினிக்குப் பலி கொடுத்தேன்.

டெபியனின் பொதி நிறுவியான ஏபிடி (apt) வழியாக, தனிச் சூழல் அமைக்க உதவும் பைத்தான்3-வென்வ் (python3-venv) பொதியை நிறுவுங்கள். ‘பைத்தான்3 -எம் வென்வ் மழை’ (python3 -m venv மழை) என்று கட்டளையிட்டால் ‘மழை’ என்றொரு தனி அடைவு பிறக்கும். அதனுள் ‘பின்’ (bin) அடைவில் இருக்கும் பிப்பைக் கொண்டு சைப்பையை நிறுவுங்கள். அதற்குத் தேவையான நம்பை (NumPy) நூலகமும் கூடவே வந்துவிடும். கெட்டுப்போனால் அந்த அடைவை மட்டும் அழித்தால் போதும்.

அப்பாவின் பேரேட்டில் அங்குலமா, மில்லிமீட்டரா? அதை முதலில் பாருங்கள்.