ஊசி வித்தை யாருடையது?

கேள்வி: ஊசிகளையும் நூலையும் தனித்தனியாக விழுங்கி, கோத்த சரமாக வாயிலிருந்து இழுக்கும் வித்தை அமெரிக்க மேஜிக் நிபுணர் ஹூடினியின் கண்டுபிடிப்புதானே? நம் செப்படி வித்தைக்காரர்கள் யாராவது அந்தக் காலத்தில் வெளிநாட்டு மேடை ஏறியிருக்கிறார்களா?

பதில்: இல்லை, ஹூடினி கண்டுபிடித்தது இல்லை. அவரே அதற்கு இந்திய ஊசி வித்தை என்றுதான் பெயர் வைத்திருந்தார், நாம்தான் அதை மறந்துவிட்டு அவர் தலையில் கிரீடம் வைக்கிறோம். ஹூடினி பிறந்தது 1874-ல். அதற்கு 24 வருடம் முன்பே லண்டனில் இறந்துபோன ஓர் இந்தியர், மணிகளை வாயில் போட்டு, குதிரை மயிர் ஒன்றையும் உள்ளே விட்டு, கையே படாமல் நாக்காலேயே கோத்து வெளியே இழுத்துக் காட்டியவர். அங்கே அவர் பெயரை 'ராமோ சாமி' என்று அச்சடித்தார்கள். ராமசாமியாகத்தான் இருக்க வேண்டும்.

1810-களில் லண்டனுக்குப் போன இந்திய வித்தைக்காரர்களில் அவர்தான் பெரிய பெயர் வாங்கினார். கத்தி விழுங்குவார், பந்து வீசிப் பிடிப்பார், 1819-ல் அமெரிக்காவுக்கும் போய் ஊர் ஊராக ஆடிவிட்டு வந்தார். ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் இந்த இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி 1821-ல் எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள். வெள்ளை உடுப்பும் இறுக்கிக் கட்டிய தலைப்பாகையுமாக ஒருவர் வந்து தரையில் உட்கார்கிறார், இரண்டு பித்தளைப் பந்துகளில் ஆரம்பித்து நான்கில் கொண்டுபோய் முடிக்கிறார், ஒரு பந்துகூடத் தவறவில்லை. இந்த அளவுக்குச் சுத்தமாக என்னால் செய்ய முடிந்தது எது என்று ஹாஸ்லிட் தன்னையே கேட்டுப் பார்த்து, ஒன்றுமே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். (கத்தி விழுங்குவது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை, போலீஸ் தடுக்க வேண்டும் என்கிறார்.) நம் ஊரில் பாயை விரித்து நாலு காசுக்குச் செய்துகொண்டிருந்த வேலைதானே, அதை ஒரு பெரிய எழுத்தாளர் இப்படிப் பார்த்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரி, அவ்வளவு பெயர் வாங்கியவர் சம்பாதித்தாரா என்றால், கூட்டத்துக்குப் புது முகங்கள் கிடைத்ததும் அவருக்கு மவுசு குறைந்துவிட்டது. 1850-ல் அவர் இறந்தபோது அடக்கம் செய்யப் பணம் இல்லாமல், மனைவி எல்லன் லண்டன் பத்திரிகை மூலம் ஊராரிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது.