75 ரூபாய் பரோட்டாவும் 8 கிலோ எடையும்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 36. குடும்பம் ஊரில், இங்கே அறையில் மூன்று பேர் தங்கியிருக்கிறோம். தினமும் ஒன்றரை ஷிப்ட். இரவு பத்து மணிக்கு மேல் தள்ளுவண்டிக் கடையில் நாலு பரோட்டா, ஒரு ஆம்லெட், 75 ரூபாய். சமைத்தால் இதைவிடச் செலவு என்பதால் சமைப்பதில்லை. மைதாவில் சர்க்கரை நோய் வரவைக்கும் கெமிக்கல் இருக்கிறது, கடை அரிசி பிளாஸ்டிக், அஜினோமோட்டோ நரம்பைக் கெடுக்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். ஏப்பம், நெஞ்செரிச்சல், முடி கொட்டுதல் எல்லாம் இருக்கிறது. கேஸ் மாத்திரை தினமும் போடுகிறேன். ஒரு நல்ல விஷயம், இரண்டரை மாதத்தில் எடை 72 கிலோவிலிருந்து 64 ஆகிவிட்டது. தாகம் அதிகம், அதனால் தினமும் இரண்டு பத்து ரூபாய் கூல்டிரிங்ஸ் குடிக்கிறேன். ராத்திரி மூன்று தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் எடுத்தார்கள். பயத்தில் நண்பரின் சர்க்கரை மாத்திரையில் பாதி மூன்று நாள் போட்டேன். கடைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் எனக்குச் சர்க்கரை வராமல் தப்பிக்கலாமா டாக்டர்?

பதில்: நாளைக் காலை கம்பெனிக்குப் போகும் முன் ரத்தச் சர்க்கரை பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் நல்ல விஷயம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எடைக் குறைவுதான் உங்கள் கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்த வரி. இரவில் நாலு பரோட்டா, பகலில் இரண்டு கூல்டிரிங்ஸ் என்று இருப்பவருக்கு எடை ஏறத்தான் வேண்டும். முயற்சி எதுவும் செய்யாமல் இரண்டரை மாதத்தில் 8 கிலோ இறங்கினால், சாப்பிட்டது உடம்பில் தங்காமல் எங்கேயோ வெளியேறுகிறது என்று பொருள். 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது. சிறுநீரில் விட்டுவிடும். சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ராத்திரி மூன்று தடவை எழுகிறீர்கள், அதனால்தான் தாகம். அந்தத் தாகத்துக்கு நீங்கள் குடிக்கும் கோலா கால் லிட்டர் என்றால், அதில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஐந்து டீஸ்பூனுக்கு மேல். அது ரத்தத்தில் ஏறி, மறுபடி சிறுநீரில் இறங்கி, மறுபடி தாகத்தைக் கிளப்பும். இன்றே அதை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர் குடியுங்கள்.

பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டுமே, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு இருக்கும் அறிகுறிகளோடு, சாப்பிட்டிருந்தாலும் சரி, எந்த நேரத்தில் எடுத்தாலும் 200க்கு மேல் வந்தால் அது சர்க்கரை நோய்தான். வெறும் வயிற்றில் எடுத்தால் 126, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 6.5 சதவீதம், இவைதான் எல்லைக்கோடு. சிறுநீரில் கீட்டோன், அதாவது உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள், இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்ப்பதற்குப் பணம் வாங்குவதில்லை. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அந்த மருந்தகத்துக்கே போகலாம். சில நாள் ஓய்வு தேவைப்பட்டால், தகுதியுள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை நோய்க்கால உதவித்தொகை உண்டு. லீவு போட்டால் கூலி போய்விடும் என்ற கணக்கில் இதைத் தள்ளாதீர்கள்.

ஒன்று மட்டும் நாளை வரை பொறுக்காது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குதல், அளவுக்கு மீறிய அசதி அல்லது தூக்கக் கலக்கம், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு ராத்திரியே 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. அறை நண்பர்கள் இருவரிடமும் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

நண்பரின் மாத்திரை விஷயம். சர்க்கரை மாத்திரைகளில் பல வகை உண்டு. சிலவற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதமானால் சர்க்கரை தடதடவென்று இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுவீர்கள். பத்து மணிக்கு மேல் சாப்பிடும் மனிதர் நீங்கள். தையல் மிஷினுக்கும் கட்டிங் மேஜைக்கும் நடுவில் அப்படி விழுந்தால் என்ன ஆகும்? உங்கள் வயதில் இவ்வளவு வேகமாக எடை குறைந்தால் ஆரம்பத்தில் இன்சுலின்கூடத் தேவைப்படலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்பது நண்பரின் டப்பாவில் எழுதியிருக்காது. அந்த அரை மாத்திரையை இனி தொடாதீர்கள். மூன்று நாள் போட்டதைப் பரிசோதிக்கும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூ டீ என்று யாராவது கொண்டுவந்தால் அதுவும் இப்போது வேண்டாம்.

வீடியோ பயங்களை இங்கேயே முடித்துவிடலாம். மைதாவை வெளுப்பாக்கும்போது அலாக்ஸான் என்ற பொருள் மிகச் சிறிய அளவில் உண்டாகலாம். எலிகளுக்குச் சர்க்கரை நோய் வரவழைக்க ஆய்வுக்கூடத்தில் அதைப் பெரிய அளவில் ஊசியாகப் போடுவார்கள். பரோட்டாவில் அந்த அளவு கிடையாது. மனிதக் கணையச் செல்கள் அதற்கு எலியைப் போல எளிதில் மசிவதும் இல்லை. பிளாஸ்டிக் அரிசி கட்டுக்கதை. சோற்றை உருட்டி எறிந்தால் துள்ளுவதற்குக் காரணம் அதிலுள்ள மாவுச்சத்தின் பசை. அஜினோமோட்டோவில் இருக்கும் குளூட்டமேட் தக்காளியிலும் இருக்கிறது. முடி கொட்டுவது எடை குறைந்ததன் விளைவாக இருக்கலாம். நாலு பரோட்டாவோடு பதினொரு மணிக்குப் படுத்தால் நெஞ்செரிச்சல் வரத்தான் செய்யும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுப் பாருங்கள், தினசரி கேஸ் மாத்திரை தேவைதானா என்று தெரிந்துவிடும்.

இனி அந்த 75 ரூபாய். ஒரு பரோட்டாவுக்குச் சுமார் 60 முதல் 70 கிராம் மைதா. நாலு பரோட்டாவில் ஏறத்தாழ 180 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. நார்ச்சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, அதனால் சர்க்கரை மளமளவென்று ஏறும். சால்னாவில் கறியின் வாசனை இருக்கும், புரதம் இருக்காது. எண்ணெய், தேங்காய், பொட்டுக்கடலை, உப்பு, அவ்வளவுதான். மொத்தச் சாப்பாட்டில் உருப்படியானது அந்த ஒரு முட்டை. கோதுமைப் பரோட்டாவுக்கு மாறுவதால் பெரிய மாற்றம் வராது. எண்ணெயும் அளவும் அப்படியேதான் இருக்கும்.

பணக்கணக்குக்கு வருவோம். பரோட்டா 75, கூல்டிரிங்ஸ் 20, ஆக நாளைக்கு 95. மாதம் 2,850 ரூபாய். கேஸ் மாத்திரைச் செலவு தனி. சமைத்தால் எவ்வளவு? மூன்று பேருக்கு ஓர் இரவு: பச்சைப் பயறு 200 கிராம், அரிசி 150 கிராம், கீரை ஒரு கட்டு, தக்காளி இரண்டு, வெங்காயம் இரண்டு, பூண்டு நாலு பல், முட்டை மூன்று, கடலெண்ணெய் மூன்று டீஸ்பூன். கேஸ் உட்படச் சுமார் 115 ரூபாய்க்குள் வரும், ஆளுக்கு 40க்கும் கீழே. விலை கூடக் குறைய இருக்கலாம்; ஆனால் 75ஐத் தொடாது. ரேஷன் கார்டு ஊரில் இருந்தாலும் திருப்பூர் கடையில் அரிசி வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது, விசாரியுங்கள். நீங்கள் கடையில் கொடுக்கும் கூடுதல் காசு உண்மையில் நேரத்துக்குக் கொடுப்பது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவருக்கு அந்த முக்கால் மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது எனக்குப் புரிகிறது. ஆகவே அந்த நேரத்தைக் குறைக்கும் வழியைச் சொல்கிறேன்.

ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று, உள்ளே வைக்கும் சிறு பாத்திரம் ஒன்று, இவை போதும். பச்சைப் பயறை ஊறவைக்க வேண்டியதே இல்லை. காலையில் ஊறப்போட்டால் இந்த ஊர் வெயிலுக்கு ராத்திரிக்குள் புளித்து நாறும். மூன்று நிமிடம் வெறும் சூட்டில் வறுத்து, கழுவி, அதைப்போல் மூன்றரை மடங்கு தண்ணீர், மஞ்சள்தூள், வெங்காயம், தக்காளி, பூண்டு, ஒரு பச்சை மிளகாய் சேர்த்துக் குக்கரில் போடுங்கள். அதன் மேல் தாங்கி வைத்து, அரிசியை இரண்டு மடங்கு தண்ணீரோடு சிறு பாத்திரத்தில் வையுங்கள். ஐந்து விசில். பிறகு விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றாதீர்கள். பயறு அரைவேக்காடாக நிற்கும், மறுநாள் வயிறு உப்பும், பயறு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவீர்கள். ஆவி தானாக அடங்கும் பத்து நிமிடத்தில் அதே அடுப்பில் முட்டையை அவியுங்கள். குக்கரைத் திறந்து பயறை மசித்து, அரிந்த கீரையைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, உப்பு தலைதட்டி ஒரு டீஸ்பூன், கடைசியில் கடுகும் சீரகமும் தாளித்துக் கொட்டுங்கள். மொத்தம் நாற்பது நிமிடம். அதில் நீங்கள் நிற்க வேண்டியது பதினைந்து நிமிடம்தான். மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டால் உங்கள் பங்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்.

இந்தத் தட்டில் மாவுச்சத்து பரோட்டாவில் பாதிக்கும் குறைவு. புரதம் 25 கிராம் வரை. முதலில் முட்டையும் பயறுக் கீரையும், சோறு கடைசியில். சர்க்கரை ஏறும் வேகம் இந்த வரிசையால் குறையும். பசி அடங்காவிட்டால் சோற்றைக் கூட்டாமல் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வாரத்துக்கான பயறு, வெங்காயம், முட்டையை வாங்கி வைத்துவிடுங்கள். சாமான் இல்லாத இரவில்தான் கால் தானாகத் தள்ளுவண்டிப் பக்கம் போகும். மூன்று வேளையும் சமைக்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், பத்தாம் நாள் நின்றுவிடும். இரவு மட்டும் போதும். ஒரு எச்சரிக்கை: காலையில் வடித்த சோற்றை மூடி வைத்து ராத்திரி சூடாக்கிச் சாப்பிடாதீர்கள். வெக்கையில் அதில் பெருகும் கிருமி விடும் நச்சு, சூடு பண்ணினாலும் போகாது.

இனி உங்கள் கேள்வி. கடைச் சாப்பாட்டை நிறுத்துவதால் சர்க்கரை வராமல் இருக்குமா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். சமையல் மட்டும் இப்போது போதாது, மருந்தும் வேண்டும். அப்பாவின் கால் பற்றிய உங்கள் பயத்துக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. சர்க்கரை என்று தெரிந்த மறுநாள் யாருக்கும் கால் போவதில்லை. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்து, பாதம் மரத்து, ரத்த ஓட்டம் குறைந்து, காயம் பட்டதே தெரியாமல் புரையோடிய பிறகுதான் அந்த நிலை வரும். ஒவ்வொரு படியிலும் அதை நிறுத்த முடியும், நீங்கள் முதல் படியில் இருக்கிறீர்கள். நாளெல்லாம் நின்று வேலை செய்பவர் என்பதால், தினமும் படுக்கும் முன் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். செக்கிங் மேஜைக்குக் கீழே வெறுங்காலோடு நிற்காதீர்கள். பீடி, சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள்; கால் ரத்தக்குழாய்க்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் அரசு மருத்துவமனையில் விலையில்லாமல் கிடைக்கும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்களுக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களா என்றும் அங்கே விசாரியுங்கள். ஊரில் உங்களுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால், அப்பாவுக்கு இருந்த நோய் என்பதால், அவர்களையும் இந்த வாரமே ஒரு தடவை சர்க்கரை பார்க்கச் சொல்லிப் போன் செய்யுங்கள்.